செங்கோட்டை சரி, ஜார்ஜ் கோட்டையில் ஏன் கொடி?

கேள்வி, 15 ஆகஸ்ட் 2022, காலை 11.20

இன்று காலை டிவியில் கொடியேற்றம் பார்த்தேன். டில்லி செங்கோட்டையாவது ஷாஜகான் கட்டியது. நாம் என்னடாவென்றால் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வியாபாரத்துக்குக் கட்டிய கோட்டையின் கொத்தளத்தில் ஏறி நின்று சுதந்திர தினம் கொண்டாடுகிறோம். செஞ்சி இருக்கிறது, வேலூர் இருக்கிறது. இது யாருக்கும் உறுத்தவில்லையா?

பதில், 15 ஆகஸ்ட், இரவு 9.40

உறுத்தியது, ஆனால் ரொம்பத் தாமதமாக. நாற்பது வயதுவரை அது எனக்கு அப்பாவின் ஆபீஸ், அவ்வளவுதான். அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் அம்மா "கோட்டைக்குப் போயிருக்கார்" என்பார். மூன்றாம் வகுப்பில் அதையே நானும் சொல்ல, பக்கத்து பெஞ்சுக்காரன் "உங்கப்பா ராஜாவா?" என்று கேட்டான். டைப்பிஸ்ட் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

செங்கோட்டை விஷயத்தில் ஒன்று. நேரு அங்கே முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. 15 அல்ல. சென்னைக் கோட்டையில் 15-ஆம் தேதி அதிகாலை 5.05-க்கே ஏற்றிவிட்டார்கள். நம் ஊர் முந்திக்கொண்டது. இன்னொன்று, செங்கோட்டையும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஷாஜகான் கோட்டையாக மிஞ்சவில்லை. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துப் பட்டாளத்துக்குக் கொட்டடி கட்டினான். நேதாஜி படை அதிகாரிகளை விசாரித்ததும் அங்கேதான். ஆக இரண்டு கோட்டையிலும் வெள்ளைக்காரன் கைரேகை உண்டு. ஒன்றில் அஸ்திவாரத்திலிருந்தே உண்டு, அதுதான் வித்தியாசம்.

16 ஆகஸ்ட், காலை 7.05

ராத்திரி எழுதியதில் ஒரு திருத்தம். 15-ஆம் தேதியே டில்லியிலும் கொடி ஏறியது, இந்தியா கேட் பக்கம். நாம் முந்தியது செங்கோட்டையை மட்டும். உற்சாகத்தில் ஊரையே முந்திவிட்டேன்.

16 ஆகஸ்ட், இரவு 10.15

டிவியில் கொடியேற்றியது முதல்வர் அல்லவா, அதற்கே ஒரு கதை இருக்கிறது. 1973 வரை சுதந்திர தினத்தன்றும் ஆளுநர்தான் ஏற்றுவார். ஜனவரி 26-க்கும் அவர், ஆகஸ்ட் 15-க்கும் அவர். பிரதமர் செங்கோட்டையில் ஏற்றும்போது மாநிலத்தில் ஏன் முதல்வர் ஏற்றக்கூடாது என்று கருணாநிதி கேட்டார், டில்லி ஒப்புக்கொண்டது. 1974 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் அவர் ஏற்றினார். அன்றுமுதல் காஷ்மீர் தொடங்கிக் கேரளம்வரை எந்தக் கட்சி முதல்வரானாலும் ஆகஸ்ட் 15 அவருடையது, ஜனவரி 26 ஆளுநருடையது. தேசிய முக்கியத்துவம் என்று ஏ.எஸ்.ஐ. (மத்தியத் தொல்லியல் துறை) பலகையில் எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள், எனக்கு இதுதான் தேசிய முக்கியத்துவம். மற்ற மாநில முதல்வர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

அன்று அப்பா அங்கே இருந்தார். எனக்குப் பதின்மூன்று வயது. வரலாற்றுச் சிறப்பாக ஏதாவது சொன்னார் என்று எழுத ஆசைதான். வீட்டுக்கு வந்தார், கைக்குட்டையில் முடிந்திருந்த மிட்டாயை என்னிடம் கொடுத்தார், "என்ன வெயில்" என்றார், படுத்துவிட்டார். மிட்டாய் கைக்குட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

18 ஆகஸ்ட், மாலை 6.30

1639-இல் கட்டிய கோட்டை என்று இங்கே ஒருவர் போட்டிருக்கிறார். ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் டே என்று கொண்டாடிக் கொண்டாடி எல்லோருக்கும் இது குழம்பிவிட்டது. 1639 ஆகஸ்ட் 22 பத்திரத்தின் தேதி. தாமர்லா வேங்கடப்ப நாயக்கரிடம் கம்பெனி ஆள் பிரான்சிஸ் டே வாங்கிய உரிமை அது. ஆட்களும் சாமானும் வந்து இறங்கிக் கட்டட வேலை தொடங்கியது 1640-இல். ஏப்ரல் 23, ஜார்ஜ் என்ற புனிதரின் திருநாள், அதுவே பெயராயிற்று. சென்னப்பட்டணம் என்ற பெயர் நாயக்கரின் அப்பா சென்னப்ப நாயக்கரால் வந்தது. அதாவது கோட்டைக்கு அவர்கள் ஊர்ச் சாமியின் பெயர், ஊருக்கு நம் ஆள் அப்பாவின் பெயர். ரியல் எஸ்டேட்டில் இன்றைக்கும் நகருக்கு அப்பா பெயர்தானே வைக்கிறார்கள்.

இடத்தைப் பாருங்கள். துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நடுக்கடலில் நிற்கும். அலைக்கு நடுவே கயிற்றால் தைத்த மசூலா படகில் ஆளும் மூட்டையும் வரவேண்டும், பாதி நாள் நனைந்துதான் வரும். இப்படியோர் இடத்தை எவனாவது கோட்டைக்குத் தேர்ந்தெடுப்பானா? பிரான்சிஸ் டேக்கு சாந்தோமில் ஒரு காதலி இருந்தாள், அடிக்கடி பார்க்க வசதியாக இந்த இடத்தைப் பிடித்தான் என்று பழைய வம்பு ஒன்று உண்டு. நம்ப வேண்டாம், ரசிக்கலாம். துணி இங்கே மலிவு, நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்ற பேரி திம்மப்பா போன்ற துபாஷிகள், அதாவது மொழிபெயர்த்துத் தரகு பார்ப்பவர்கள், இருந்தார்கள். காரணம் அதுதான். கேள்வி கேட்டவர் சொன்ன "துணி வியாபாரத்துக்குக் கட்டிய கோட்டை" என்பது நூற்றுக்கு நூறு சரி. கோட்டை என்ற சொல்தான் கொஞ்சம் அதிகம். தொடக்கத்தில் அது மதில் போட்ட ஜவுளிக் கிடங்கு.

19 ஆகஸ்ட், இரவு 11.50

"கோட்டை விட்டான்" என்று நாம் சொல்வதற்கு இந்தக் கோட்டையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரன் லா பூர்தொனே கப்பலோடு வந்து நின்றான். சில நாள் குண்டு விழுந்தது, சரணடைந்துவிட்டார்கள். நூறு வருஷம் கட்டிக் காத்த இடம். பிடித்தவன் 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுக்கப் பேரம் பேசினான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு கவர்னர் துப்ளே "முடியாது, ஊர் எனக்கு வேண்டும்" என்றான். இவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே அக்டோபரில் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களை நொறுக்கியது. வடகிழக்குப் பருவமழை யார் பக்கமும் கிடையாது.

இதையெல்லாம் தமிழில் அன்றன்றைக்கு எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார், ஆனந்தரங்கப் பிள்ளை. துப்ளேக்கு நெருக்கமாக இருந்து பிறகு தலைமைத் துபாஷி ஆனவர். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எழுதியதை மட்டும் படித்தால் இது இரண்டு வெள்ளைக்காரன் சண்டை. பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் யார் பணம், யார் சரக்கு, யார் வீடு என்று தெரியும்.

ஊர் கேட்டு ஆர்க்காட்டு நவாப் படை அனுப்பினார். மகன் மாபூஸ்கான் தலைமையில் பத்தாயிரம் பேர் என்று கணக்கு. அடையாற்றுக் கரையில் சில நூறு பேரை வைத்துக்கொண்டு பரதி என்ற பிரெஞ்சுத் தளபதி அந்தப் படையை ஓடவிட்டான். இந்தியப் படை எவ்வளவு பெரிதானாலும் பயிற்சி பெற்ற சிறு படை போதும் என்ற எண்ணம் ஐரோப்பியனுக்கு அந்த ஆற்றங்கரையில்தான் ஊறியது. இப்போது அந்தப் பாலத்தில் தினமும் டிராபிக்கில் நிற்கிறோம்.

மூன்று வருஷம் கழித்து 1749-இல் கோட்டை திரும்ப வந்தது. சண்டை போட்டு அல்ல. கனடாவில் லூயிபர்க் என்ற கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக சென்னையை வாங்கினார்கள். பண்டமாற்று.

20 ஆகஸ்ட், காலை 8.00

"அப்படியானால் உதவாக்கரைக் கோட்டை" என்று சொல்கிறவருக்கு: 1746-இல் சிறைப்பட்டவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவன். கம்பெனியில் ரைட்டர், அதாவது குமாஸ்தா, வருஷத்துக்கு 5 பவுன் சம்பளம். வேஷம் போட்டுக்கொண்டு தப்பிக் கடலூர் டேவிட் கோட்டைக்கு ஓடியவன் பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தான். பத்து வருஷம் கழித்து, 1756 அக்டோபரில், கல்கத்தாவை மீட்க இங்கிருந்து கப்பல் ஏறினான், கூடவே மதராஸ் சிப்பாய்கள். அடுத்த ஜூனில் பிளாசி யுத்தம். வங்காளம் போனது, பிறகு மற்றதும். இந்தியா முழுக்கக் கைமாறிய கதைக்கு இந்தக் கரைதான் படித்துறை. பெருமை என்று சொல்லவில்லை.

(அப்பாவும் குமாஸ்தா, கிளைவும் குமாஸ்தா, ஒரே வளாகம். ஒருமுறை இதைச் சொன்னேன். "அவனுக்குப் பென்ஷன் கிடையாதே" என்றார்.)

21 ஆகஸ்ட், இரவு 9.10

இரண்டு நாளாக மதில், பீரங்கி என்று எழுதிவிட்டேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் அந்தக் காலத்து கவர்னர் மாதிரி இருக்கிறது. மதிலுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

உள்ளே வெள்ளையர் நகரம். வடக்கு மதிலை ஒட்டிக் கறுப்பர் நகரம்: நெசவாளர், சாயக்காரர், தரகர், படகுக்காரர், கோயில்கள். மதிலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி ஒளிந்து சுட வசதி என்பது 1746-க்குப் பின் வந்த ஞானம். பிரெஞ்சுக்காரன் ஒரு பகுதியை இடித்தான், திரும்பி வந்தவர்கள் மீதியையும் இடித்துச் சுத்தமாக்கினார்கள். ஒரு ஊரையே துடைத்துவிட்டு வெட்டவெளி ஆக்கினார்கள். இனி இதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773-இல் எல்லைக் கல் நட்டார்கள். ஆறு கல்லில் மிஞ்சியது ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும் அவசரத்தில் ஆயிரம் தடவை அதைக் கடந்திருப்பீர்கள். அந்தக் காலி இடத்தில்தான் 1892-இல் ஹைகோர்ட் கட்டடம் வந்தது. தள்ளிப்போய் அமைந்த புதுக் கறுப்பர் நகரத்துக்கு 1911-இல் மன்னர் பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். கோட்டையிலும் ஜார்ஜ், டவுனிலும் ஜார்ஜ், ஒருவர் புனிதர், ஒருவர் ராஜா. இடித்த வீட்டுக்காரன் பெயர் எங்கும் இல்லை.

செத்தவர்களையும் விடவில்லை. வெள்ளைக்காரர்களின் பழைய இடுகாடு இப்போது சட்டக் கல்லூரி இருக்கும் பக்கம். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது பிரெஞ்சுச் சிப்பாய்கள் அந்தப் பெரிய பெரிய சமாதிகளின் மறைவில் இருந்து சுட்டார்கள். 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் வந்ததும் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனான். ஆபத்து நீங்கியதும் முதல் வேலையாகச் சமாதிகளை இடித்துக் கல்லைப் பெயர்த்து கோட்டைக்குள் இருக்கும் மேரி மாதா கோயிலைச் (செயின்ட் மேரிஸ் சர்ச்) சுற்றித் தரையில் பாவினார்கள். அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் நடப்பது கல்லறைப் பலகைகள் மேல். தெரியாமல் நானும் ஒருமுறை அதில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன்.

22 ஆகஸ்ட், காலை 10.30

இன்று மெட்ராஸ் டே. வாட்ஸ்அப் முழுக்க எலிஹு யேல் படம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த வள்ளல், நம் கவர்னர், பெருமை. கொஞ்சம் நிறுத்துங்கள்.

யேல் 1687 முதல் 1692 வரை கவர்னர். அனுப்பியது ஒன்பது பொதிச் சரக்கு, நானூற்றுச் சொச்சம் புத்தகம், மன்னர் ஜார்ஜின் படம் ஒன்று. சரக்கை விற்றதில் 562 பவுன் வந்தது. 1718-இல் கல்லூரிக்கு அவர் பெயர். சரக்கில் இந்த ஊர்ப் பக்கத்துத் துணிகளும் இருந்தன. அதோடு, பஞ்சத்தில் ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஆண்டுகள் அவை. செயின்ட் ஹெலினா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளாவது ஏற்றப்பட வேண்டும் என்று இந்தக் கோட்டையின் கவுன்சில் உத்தரவு போட்டது. அந்தக் கவுன்சிலில் யேல் உட்கார்ந்திருந்தார். நம் ஆட்கள் கப்பல் ஏறிய கதை கரும்புத் தோட்டத்திலிருந்து தொடங்கவில்லை. அதற்கு 150 வருஷம் முன்பே இந்தக் கரையிலிருந்து தொடங்கியது.

1688-இல் நாட்டின் முதல் மாநகராட்சி இங்கே உண்டானதும் அவர் காலத்தில்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு பக்கமாகத் திட்டுகிறேன் என்று யாராவது வருவார்கள்.

கொடிக்கம்பமும் யேல் நட்டதே. கரை தட்டிய கப்பல் ஒன்றின் தேக்கு மரம். அதில்தான் நாம் இன்றும் கொடி ஏற்றுகிறோம்.

23 ஆகஸ்ட், காலை 6.50

கடைசி வரி தப்பு. தேக்குக் கம்பம் 1994-இல் போய்விட்டது, இப்போது நிற்பது எஃகு. நூறடிக்கு மேல் உயரம் என்பதால் கீழே நின்றால் வித்தியாசம் தெரியாது. தெரிந்தே தப்பாக எழுதியிருக்கிறேன் போல. அந்தத் தேக்குக் கதை அழகாக இருந்தது, விட மனசில்லை.

28 ஆகஸ்ட், இரவு 10.40

இவ்வளவு பேசிவிட்டு நேரில் போய்ப் பார்க்காவிட்டால் எப்படி என்று நேற்று முன்தினம் கிளம்பினேன். பீச் ஸ்டேஷனில் வண்டி பிடித்து, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து கோட்டை மியூசியம் வாசலில் நின்றால், வெள்ளிக்கிழமை விடுமுறை. காவலுக்கு இருந்தவர் பாவமாகப் பார்த்தார். டீ குடித்துவிட்டு வந்தேன். இன்று ஞாயிறு, மகளோடு மறுபடி போனேன்.

கட்டடம் 1795-இல் முடிந்தது. வியாபாரிகள் கூடிப் பேரம் பேசும் இடம், வங்கி, அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடம் என்று மாறி மாறி இருந்துவிட்டு 1948-இல் மியூசியம் ஆனது. உள்ளே கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஆளுயரத்துக்கும் மேலே பளிங்கில் நிற்கிறார். மகள் அவரைப் பார்க்கவில்லை, காலடிப் பீடத்தைப் பார்த்தாள். "யாருப்பா இந்தக் குட்டிப் பசங்க?" திப்பு சுல்தானின் பிள்ளைகள். 1792-இல் தோற்றபோது இரண்டு மகன்களைப் பணயமாகக் கொடுக்கவேண்டி வந்தது, அந்தக் காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைச் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள், திருப்பி அனுப்பியது 1794-இல். "சிலைல போட்டிருக்காங்கன்னா பெருமையான்னு நெனச்சிருக்காங்க இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

மாடியில் அந்த 1947 கொடி. பன்னிரண்டடிக்கு எட்டடி, சுத்தப் பட்டு. 2013 முதல்தான் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் நூல் இற்றுவிடும் என்பதால் அறை மங்கலாக இருக்கிறது. நிறம் மங்கியிருக்கிறது, ஓரம் நைந்திருக்கிறது. காற்று இந்தக் கடற்கரையில் எப்படி அடிக்கும் என்று தெரியும் அல்லவா. மகள் செல்போனை எடுக்காமல் நின்றதை நான் இன்றுதான் பார்த்தேன்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 15-ஆம் தேதி "உறுத்தியது" என்று எழுதியபோது அது ஒரு வாதம். கார்ன்வாலிஸ் பீடத்தின் முன் நின்றபோது நிஜமாகவே உறுத்தியது. இரண்டு மாடி ஏறியதும் அதே கட்டடத்தில் உறுத்தல் போன இடம் தெரியவில்லை. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் காட்டுகிறார்கள்.

3 செப்டம்பர், இரவு 8.20

கோட்டைக்குள் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது தெரியுமா? 1776. கவர்னர் பிகட். தஞ்சாவூர் ராஜா துளஜாவுக்கு அவர் நாட்டைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். ஆனால் ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனி ஆட்கள் தஞ்சாவூர் நெல்லைக் காட்டித்தான் கடனை வசூலிக்க நினைத்திருந்தார்கள். சொந்தக் கவுன்சில் உறுப்பினர்களே ஆகஸ்ட் 24 அன்று கவர்னரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே செத்தார். மேரி மாதா கோயிலில் புதைத்தார்கள். வட்டிக்காரன் கவர்னரைத் தூக்கிய ஒரே கோட்டை இதுவாகத்தான் இருக்கும். வண்டல் மண்ணில் விளைந்த நெல்லுக்கு எங்கெங்கே சண்டை பாருங்கள்.

22 செப்டம்பர்

1914-இல் இதே நாள் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டது. கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஹைகோர்ட் மதிலில் கல்வெட்டு இருக்கிறது. 275 வருஷக் கோட்டையால் ஊருக்குக் கிடைத்தது ஜார்ஜ் டவுன், அரைமணி நேரக் கப்பலால் தமிழுக்குக் கிடைத்தது ஒரு வசவு. "எம்டன்டா அவன்."

9 அக்டோபர், மாலை 5.15

"இடத்தை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதியவருக்கு. மாற்றினோமே. 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதுச் சட்டமன்றம் திறந்தார்கள், 2011-இல் ஆட்சி மாறியதும் கோட்டைக்கே திரும்பியது, அந்தக் கட்டடம் இன்று ஆஸ்பத்திரி. கட்சிச் சண்டைக்குள் நான் போகவில்லை.

ஆனால் பேச்சில் கோட்டை மாறவே இல்லை. தேர்தல் வந்தால் "கோட்டையைப் பிடிப்போம்", "கோட்டைக்குப் போவது யார்", பத்திரிகையில் "கோட்டை வட்டாரம்". எந்தக் கோட்டை என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்து அரசிதழின் பெயரே ஜார்ஜ் கோட்டை கெஜட். இப்போதும் எந்த அரசாணையையும் எடுத்துப் பாருங்கள், சென்னை-9 என்று இருக்கும். அந்த 9 கோட்டைதான். அப்பா வாழ்நாளில் அந்த ஒன்பதை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பார். அவருடைய ரெமிங்டனில் மற்ற எண்களைவிட அது தேய்ந்திருந்தது என்று சொல்வார், அளந்தா பார்த்தார், தெரியாது.

இன்னொன்று. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவேண்டும் என்ற தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று இங்கேதான் நிறைவேறியது. அண்ணா முதல்வர். சட்டமன்ற முகப்பில் கறுப்புத் தூண்கள் இருக்கின்றன அல்லவா, பல்லாவரத்துக் கல். 1746-இல் பிரெஞ்சுக்காரன் அவற்றைப் பிடுங்கிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனான், 1761-இல் புதுச்சேரி விழுந்தபின் திரும்பி வந்தன. கல்லின் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் கம்பெனி ஆள் ஜாப் சார்னாக்கின் சமாதியில் இருப்பது இதே பல்லாவரத்துக் கல், அதைப் பார்த்து ஒரு நிலவியலாளர் 1893-இல் அவர் பெயரை வைத்தார். கல் நம்முடையது, பெயர் செத்தவனுடையது. பல்லாவரைட் என்று வைத்திருக்கலாம்.

26 ஜனவரி 2023, இரவு 9.30

இந்தக் கேள்வி-பதில் இழை செத்துவிட்டது, தெரியும். இன்று எழுதாவிட்டால் எப்போது எழுதுவது.

முதல் கேள்வியில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: 1947-இல் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன கம்பத்தில் நாம் கொடி ஏற்றிக்கொண்டோம் என்று. அதற்கு 15 வருஷம் முன்பே ஏறியாயிற்று. 1932 ஜனவரி 26. காங்கிரஸ் அதைச் சுதந்திர நாள் என்று அறிவித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆர்யா என்கிற பாஷ்யம், ராத்திரியில், பட்டாளம் காவல் இருக்கிற கோட்டைக்குள் நுழைந்து, அந்த நூறடிக்கு மேற்பட்ட கம்பத்தில் ஏறி, யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு மூவர்ணத்தைக் கட்டினார். விடிந்தபோது ஊர் பார்த்தது. அப்போது அது தேக்குக் கம்பம்தான், யேல் கதையில் வருகிற கம்பம். (இதில் தப்பில்லை, 1994-க்கு முன்.)

இருட்டில், கடல் காற்றில், பிடிக்க வழவழவென்ற மரத்தில். எனக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறினாலே கால் நடுங்கும்.

முண்டாசு கட்டிய பாரதி ஓவியம் வீட்டிலும் பள்ளியிலும் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்ததும் இவர்தான். அந்தப் படம் அப்பாவின் மேஜைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அப்பா அதற்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்தார். வரைந்தவர் ஏறிய கம்பம் ஜன்னலுக்கு வெளியே. இரண்டும் ஒரே ஆள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்க இப்போது அவர் இல்லை.

செஞ்சிக்கும் வேலூருக்கும் கொடியை மாற்றலாம் என்று கேட்டவருக்கு என் பதில் ஆகஸ்டில் இருந்ததைவிட இப்போது எளிது. வேலூரில் 1806-இல் செத்த சிப்பாய்களுக்கு அங்கே ஒரு நாள் ஏற்றுங்கள், நானே வருகிறேன். ஆனால் ஆர்யா உயிரைக் கொடுக்கத் துணிந்து ஏறியது இந்தக் கம்பத்தில். இதை விட்டுவிட்டு வேறு இடம் போனால் கோட்டை விட்டது நாமாகத்தான் இருப்போம்.

27 ஜனவரி, காலை 7.40

மியூசியத்தில் இருக்கும் மரக்கூண்டு யாரை அடைத்தது, கட்டபொம்மனையா என்று நேற்று ராத்திரி ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஆன்ஸ்ட்ரூதர் என்ற வெள்ளைக்காரக் கேப்டனை 1840-இல் சீனாக்காரர்கள் பிடித்து அடைத்த கூண்டு. அபினி யுத்தம். விடுதலையான பிறகு கூண்டையும் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆள் பெரிய ஆள், கூண்டு ரொம்பச் சின்னது, பார்த்தால் உங்களுக்கே முதுகு வலிக்கும். இன்று போய்ப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், வெள்ளிக்கிழமை.